சென்னியப்பன் முகம்

பெஞ்சில் உட்காரலாமா கூடாதா என்பதே முதலில் வேலாத்தாளுக்குப் பிடிபடவில்லை. இந்த இடத்தில் எது பார்க்க வைத்தது, எது புழங்க வைத்தது என்று யார் கண்டார்கள். கீழே வாசலை ஒட்டி நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை அவளே எத்தனையோ வருசம் தள்ளியிருக்கிறாள், நூல் கட்டைகளைக் குவித்துக்கொண்டு, சக்கரம் காலில் ஏறி நகம் பெயர்ந்து, வண்டியை நடுவழியில் நிறுத்தியதற்கு மேஸ்திரியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டு. இப்போது அதைத் தொடக் கூடாதாம். கைப்பிடியில் விரல் வைத்ததுமே காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்துவிட்டாள். வண்டிக்குப் புதுப் பெயிண்ட், தலைக்கு மேல் தனி விளக்கு, சுற்றிலும் சிவப்புக் கயிறு. உனக்கு வந்த வாழ்வைப் பாரடி என்று அதனிடம் மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறினாள். மில்லை மூடிப் புதர் மண்டிக் கிடந்த கட்டடத்தை நகரத்தின் கலைக்கூடமாக்கி இன்றைக்குத் திறக்கிறார்கள். கோயமுத்தூரில் பம்புசெட்டும் மோட்டாரும் பார்க்கலாம், படம் பார்க்க எவன் வருவான் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்ததாக அவள் மகள் சுகந்திகூடப் போனில் சிரித்தாள். வருகிறார்களோ இல்லையோ, வேலாத்தாளின் தம்பி நாச்சிமுத்து வரைந்த படம் மாடியில் பழைய ஸ்பின்னிங் ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது. அவன்தான் காரில் கூட்டிவந்து, கையைப் பிடித்து மாடி ஏற்றி, இந்தப் பெஞ்சுவரைக்கும் கொண்டுவந்து விட்டான். "நீ உக்காந்து மூச்சு வாங்கிட்டு, அப்புறமா நிமிந்து பாருக்கா. நான் கீழ போயி மேடத்தைக் கூட்டிட்டு வந்தர்றேன்" என்றான். சொல்லும்போது சுவர்ப்பக்கம் அவன் திரும்பவே இல்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. காவல்காரப் பெண் வந்து, அது உட்காருகிற பெஞ்சுதான் என்று உறுதி சொன்ன பிறகு விளிம்பில் உட்கார்ந்தாள்.

என்ன அமைதி, என்ன குளிர். இதே ஹாலில்தானா பதினெட்டு வயசில் வந்து நின்றோம் என்று இருந்தது. அன்றைக்கு உள்ளே கால் வைத்தால் காதுக்குள் ஒரு இரைச்சல் புகுந்துகொள்ளும், வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் விடாது. பக்கத்து மெஷினில் நிற்பவளோடு பேச வேண்டுமென்றால் கத்திப் பயனில்லை. வாயை மட்டும் அகலமாக அசைக்க வேண்டும், அவள் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வாள். மாமியார் கதை, மாசமான கதை, மேஸ்திரியின் கள்ளக் கதை எல்லாம் சத்தமே இல்லாமல் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, பொம்பளைங்க எதுக்குடா சிரிக்கறாங்க என்று முழிப்பான். சென்னியப்பன் அவளிடம் முதல் வார்த்தை பேசியதும் அப்படித்தான். பெல்ட் மாட்ட வந்தவன் தூண் ஓரமாக நின்று உதட்டை அசைத்தான், அவள் படித்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னான்? சாப்பிட்டியா என்றுதான். அதற்குத் தலையைக் குனிவானேன் என்று கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார். சாப்பிட்டியா என்று கேட்ட உதடு. அந்த உதட்டைத்தான் இப்போது நிமிர்ந்தால் படத்தில் பார்க்கப் போகிறாள், அதைத் தம்பியிடம் கொடுத்து ஒரு வருசம் கழித்து. உதடு கொஞ்சம் இடப்பக்கம் கோணியிருக்கும். படத்துக்காக நின்றபோது அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, அதனால் வந்த கோணல். லைன் வீட்டுக்குப் பின்னால் வெளிச்சம் போகும்வரைக்கும் கையைத் தூக்கியபடி நிற்பார், எதிரே காடாத் துணியை விரித்துக்கொண்டு முத்து, வயசு பதினெட்டு, கையெல்லாம் சாயம். கை வலிக்குதுடா மாப்பிள்ளை, சீக்கிரம் முடி என்பார். மச்சான் சிரிக்காதீங்க, நீங்க கோவமா இருக்கணும் என்பான் அவன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அவள் இன்னும் சிரிக்க வைப்பாள். கதவடைப்புச் செய்த முதலாளிமாரை எதிர்த்து வரைந்த படம், அதில் கோபமும் வரவில்லை சிரிப்பும் போகவில்லை, அப்படி ஒரு முகம்.

முகம் மட்டும்தான் அவளுக்குப் பழக்கம். மற்றது மடிப்புக்குள் இருந்தது. சங்கத்து ஆபீசைக் காலி செய்தபோது துணியை அவள் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். சுவரைவிடத் துணி பெரிசு, விரித்து மாட்ட லைன் வீட்டில் இடமேது. அதனால் மடித்தாள். இப்படி மடித்து, அப்படி மடித்து, கடைசியில் ஜன்னல் அளவுக்கு வந்தபோது அவருடைய முகம் மட்டும் மேலே வரும்படி நிறுத்தி, நாலு ஆணி அடித்தாள். அவ்வளவுதான், வீட்டுக்கு அவர் வந்துவிட்டார். வேறு படம் இல்லை. கல்யாண போட்டோவைப் போலீஸ் எடுத்துப் போனது. கேட்டு முன்னால் நடந்த ரகளையில் ஒரு சூப்பர்வைசரின் மண்டை உடைந்துவிட்டது, ஆளை அடையாளம் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள். ஜாமீனில் வெளியே இருந்த கொஞ்ச நாளில்தான் அவர் படத்துக்கு நின்றார். கேஸ் முடிந்து உள்ளே போனார், ஜெயிலிலிருந்து இருமிக்கொண்டே வந்தார், இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், போட்டோ வரவில்லை. சுகந்திக்கு அப்போது நடக்கத் தெரியும், அப்பா என்று சொல்லத் தெரியும், நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்பா எப்படி இருப்பாரு என்று அவள் கேட்கிற வயசு வந்தபோது காட்டுவதற்குச் சுவரில் இருந்தார். சுகந்தி தன் கல்யாணத்தன்று சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறைக்குப் போனாள். திருப்பூரிலிருந்து இன்றைக்கு அவளால் வர முடியவில்லை, எக்ஸ்போர்ட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அப்பா பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, பெரிசாப் பண்ணி மாட்டிக்கிறேன், மாலை போட எனக்கும் ஒண்ணு வேணுமில்ல என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சரி, பார்த்துவிடலாம் என்று வேலாத்தாள் கண்ணை உயர்த்தினாள்.

ஒரேயடியாக முகத்துக்குப் போக மனசில்லை. நல்ல பண்டத்தைக் கடைசியில் வைத்துத் தின்கிற புத்தி அவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. கீழிருந்து ஏறினாள். செருப்பில்லாத கால்கள், பிறகு மில் கேட்டின் கம்பிகள், டிபன் தூக்குப் போசியோடு ஒருத்தி, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்திருக்கிற ஒருவன். அட, இத்தனை பேரா. இத்தனை பேரையுமா இத்தனை காலம் வீட்டுக்குள்ளே மடித்து வைத்திருந்தோம். சமைத்தது, சண்டை போட்டது, ஒற்றையாளாய் உட்கார்ந்து அழுதது எல்லாம் இவர்கள் மடிப்புக்குள் இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. முத்து பெரிய ஆள்தான். பதினெட்டு வயசில் என்ன கை அவனுக்கு. இவர்களுக்கு மேலே லாரியின் பின்பலகை, பலகை மேல் கால்கள், அழுக்கு வேட்டி, தூக்கிய கை. கை. அவருடைய கைதான் அது, சந்தேகமே இல்லை, பெல்ட்டில் சிக்கி வளைந்துபோன கட்டைவிரல், அந்த விரலை ஒதுக்கிப் பிடித்தே சோற்றைப் பிசைவார், பார்க்க வேடிக்கையாக இருக்கும். மடிப்புக்குள் இருந்ததால் அந்தக் கை ஒரு பொட்டுக்கூட மங்கவில்லை, நேற்று வரைந்த மாதிரி இருக்கிறது. வந்துட்டேனுங்க என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்து தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, முகத்துக்கு வந்தாள்.

முகத்தில் யாரோ இருந்தார்கள். கண்ணைத்தான் முதலில் குற்றம் சொன்னாள். புரை எடுத்த கண், விளக்கு வெளிச்சத்தில் சமயத்தில் ஒன்றைப் பார்த்தால் ஒன்றாகத் தெரியும், டாக்டரும் சொல்லியிருக்கிறார். முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வாய் நேராக இருந்தது. கோபமான, அழகான, நேரான வாய். முகம் பெரிசாகிவிட்டதால் அப்படித் தெரிகிறதா? ஆனால் முகம் பெரிசாகவில்லை, துணி அதே துணி, விரித்திருக்கிறார்கள், அவ்வளவுதானே. எழுந்து பக்கத்தில் போனாள், காவல்காரப் பெண் கோடு வரைக்கும் போகலாம் என்றாள், கோடு வரைக்கும் போனாள். நெற்றியில் அவள் வருசாவருசம் வைத்த சந்தனத்தின் கறை இல்லை. குங்குமம் ஊறிச் சிவந்த வட்டம் இல்லை. திதியன்று ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைப்பாள், சாம்பிராணி காட்டுவாள், மேலே ஆணியில் மாலை. வரைந்த துணியில் பொட்டு வைக்கலாமா, ஈரம் படலாமா என்றெல்லாம் யார் யோசித்தார்கள், சுவரில் இருப்பவர் சாமியாகிவிட்ட மனுசன், பொட்டில்லாமல் எப்படி வைப்பது. நெற்றி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததும் மூக்குத் தண்டு மங்கியதும் அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணும் வாயும் அப்படியே இருந்தன. துணியை முத்துவிடம் கொடுத்த அன்று ஆணியைப் பிடுங்கும்போது பார்த்தாளே, இருந்தன, சத்தியம் பண்ணுவாள். பண்ணுவாளா? தினமும் பார்த்த முகம், தினமும் பார்ப்பதால் பார்க்காமலே விட்ட முகம். இருந்தது கண்ணா, அல்லது கண் இருந்த இடமா? இந்த யோசனை வந்ததும் பயந்துபோய்ப் பெஞ்சுக்குத் திரும்பினாள்.

சரி, மனசில் இருக்கிறவரை எடுத்துவைத்து ஒத்துப்பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று கண்ணை மூடினாள். காது வந்தது, பெரிய காது, இடது காதுமடலில் சின்னப் பிளவு. கழுத்தில் வியர்வையோடு ஒட்டியிருக்கிற பஞ்சுத் தூசி வந்தது. பீடியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை கூட வந்தது, குறையே இல்லாமல். குரல் வந்தது, வேலா என்று கூப்பிடுகிற குரல், கடைசி எழுத்தை இழுக்காமல் வெட்டிவிடும். எல்லாம் வந்து வட்டமாக நின்றன, நடுவில் முகம் மட்டும் வரவில்லை. வா என்று கூப்பிட்டால் சுவரில் மடித்து அடித்த துணிதான் வருகிறது, துணியில் பொட்டு வருகிறது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இத்தனை வருசமாக முகத்தை நினைவில் வைத்திருந்தது அவளில்லை, துணிதான் என்று அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. சுவரில் இருக்கிறாரே என்று மனசு அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டது. அடி பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கட்டிய புருசன் முகம் மறக்குமா ஒருத்திக்கு? மறக்கவில்லை, கொடுத்துவைத்திருந்தாள், அவ்வளவுதான். கொடுத்துவைத்த இடத்தில் போய்க் கேட்டால் வேறொருவன் நின்றுகொண்டு என்ன வேண்டும் என்கிறான்.

யார் இந்த வேறொருவன்? தெரிந்த முகம், அதுதான் வதை. முன்பின் பார்க்காத முகமாக இருந்தால் கூட எங்கோ தப்பு நடந்துவிட்டது, துணி மாறிவிட்டது என்று இருந்திருப்பாள். சங்கத்தில் கணீரென்று பேசுவாரே திருமலைசாமி, அவரா? அவருக்கு மூக்கு அகலம். ஏதாவது சினிமாக்காரனா? காலண்டரில் வருகிறவனா? புருவம் ரொம்பப் பழக்கமாக இருக்கிறது, இரண்டும் நடுவில் சேரப் பார்த்துச் சேராமல் நிற்கிற புருவம், அதை எங்கோ தொட்டிருக்கிறாள், விரலுக்குத் தெரிகிறது. எண்ணெய் தடவியிருக்கிறாள் அந்தப் புருவத்தில். சுகந்திக்கா? சுகந்திக்கு அப்பா புருவம். இது அம்மா புருவம், செத்துப்போன தன் அம்மாவின் புருவமல்லவா, அம்மா எப்படி லாரி மேல் ஏறினாள் என்று ஒரு கணம் முட்டாள்தனமாக நினைத்தாள். பிறகு இரண்டு புருவத்துக்கும் நடுவே இருந்த குழியைப் பார்த்தாள். அம்மை வார்த்தபோது சொறியாதே சொறியாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தும், அவள் கண்ணயர்ந்த நேரத்தில் சொறிந்து அவன் உண்டாக்கிக்கொண்ட குழி. இத்தனையையும் மீசை வைத்து மறைத்திருக்கிறான். குழியை மட்டும் வரைய மறக்கவில்லை, கைகாரன்.

முத்து. அவள் வாய் சத்தமில்லாமல் அந்தப் பேரைச் சொல்லிற்று. முத்து, முத்து, நீ எதற்கடா அங்கே நிற்கிறாய். நீ அன்றைக்கு ஊரிலேயே இல்லையே. மெட்ராஸில் படம் வரையச் சொல்லித்தரும் காலேஜுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள், கேட்டுக்கு முன்னால் கூட்டம் என்று தெரிந்தும் மச்சான்தான் உன்னை ரயிலேற்றி அனுப்பினார், இங்க இருந்தா உன்னையும் புடிச்சு உள்ள போட்டுருவான், போடா மாப்பிள்ளை என்று. நீ அங்கே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இங்கே லாரி மேல் நின்றார், கையைத் தூக்கினார், அடி வாங்கினார். திரும்பி வந்து கேட்டுக் கேட்டுத்தானே வரைந்தாய், யார் எங்கே நின்றார்கள், என்ன போட்டிருந்தார்கள் என்று. அவருடைய கையை விட்டுவிட்டு அதன் மேல் உன் தலையை வைத்திருக்கிறாயே. அந்தக் கைக்குத் தெரியாதா அது யார் தலை என்று. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு, அவள் மில்லுக்கு வந்ததே இவனுக்குச் சோறு போட. சோறு போட்டாள், அதைப் பெரிசாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, யாரும் செய்வார்கள். ஆனால் துணியைக் கொடுத்தது அப்படியில்லை. யாருக்கும் கொடுத்திருக்க மாட்டாள். மூசியத்துக்காரங்க கேக்கறாங்கக்கா, லைன் வீட்டுல கரையான் தின்றதுக்கு மச்சானை ஊரே பாக்கட்டும், நானே வெச்சுச் சுத்தம் பண்ணித் தர்றேன் என்று இவன் வந்து நின்றதால்தான் ஆணியைப் பிடுங்கினாள். ஒரு வருசமாகக் கேட்கிறாள், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன்டா என்று. இப்ப வேண்டாம், வேலை நடக்குது, கடைசியில பாரு, அசந்துபோயிருவ என்றான். சொன்ன சொல் தப்பவில்லை.

அவன் வந்தான். தனியாகத்தான் வந்தான், மேடம் கீழே யாரையோ வரவேற்றுக்கொண்டிருக்கிறார்களாம். தலை முழுக்க நரை, கதர் ஜிப்பா, வயசுக்கு மீறின சுறுசுறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணி வேணுமா, குளிருதா, ஏசியைக் குறைக்கச் சொல்லட்டுமா என்று ஏதேதோ கேட்டான். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் அவனையே பார்த்தாள். சின்ன வயசில் அவன் பொய் சொன்னால் அவள் அடித்ததில்லை, பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள், கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும். அந்தப் பார்வைக்கு இன்னும் வலு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"முத்து, அது ஆருடா?"

"ஏன்க்கா இப்படிக் கேக்கற. மச்சான்தான்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஜிப்பாக் கையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நீ பொட்டு வெச்சுப் பொட்டு வெச்சு மொகமே போயிருந்துச்சுக்கா. மேல இருக்கற கறையை எடுக்கலாம்னு தொடச்சேன், மிச்சமிருந்ததும் பஞ்சோட வந்துருச்சு. எனக்கு அவரு மொகம் சுத்தமா ஞாபகத்துக்கு வரலை. நானும் எத்தனையோ நாள் ஒக்காந்து பாத்தேன். கடைசியில கண்ணாடியைப் பாத்துப் போட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமல்ல."

"கேட்டா நீ துணியைத் திருப்பிக் கேப்ப."

இதைச் சொன்னபோது மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிட்டவனின் நிம்மதி அதில் கொஞ்சம் இருந்தது, அதுதான் அவளுக்கு ஆற்றமாட்டாத ஆத்திரத்தைக் கொடுத்தது. பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்: "ஊர்ல ஆருக்குக்கா தெரியப் போகுது. அவரை நேர்ல பாத்தவங்கன்னு என்னை விட்டா இப்ப நீ ஒருத்திதான் மிச்சம். மேடம் வந்து கேட்டா அந்த லாரி மேல நிக்கறவரைக் கையைக் காட்டிரு, ஒரு நிமிசத்துல முடிஞ்சுது." சொல்லிவிட்டு அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்து எழுந்து போனான்.

நீ ஒருத்திதான் மிச்சம். ஆமாம், அதுதானே விசயம். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், மடிப்புக்குள் இருந்தவர்கள் சாட்சி சொல்லவா எழுந்து வரப்போகிறார்கள். அவள் ஒருத்தி போய்விட்டால் இந்த முகம்தான் அந்த முகம். அவள் போகும்வரைக்கும் காத்திருக்கக்கூடவா இவனுக்குப் பொறுக்கவில்லை. இல்லை, முகம் நிஜமாகவே பஞ்சோடு வந்துவிட்டதா? அப்படியென்றால் துடைத்தது யார், வருசத்துக்கொரு தரம் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து முக்கால்வாசியை எடுத்தவள் அவள்தானே, கடைசித் துடைப்புத்தானே இவனுடையது. இருக்கட்டும். துடைத்துவிட்டேன் அக்கா, போய்விட்டது, வா என்று கூப்பிட்டிருந்தால் போதுமே. வந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து காது இப்படி, தாடை இப்படி, அந்த வாய் இந்தப் பக்கம் என்று சொல்லியிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருக்கலாம். முழுசாகக் கிடைக்காது. பரவாயில்லை, ஒரு சாயல் கிடைத்திருக்கும். வெறும் வட்டமாக விட்டிருந்தால்கூட அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், பொட்டு வைத்துக்கொண்டிருப்பாள்.

ஹாலின் கோடியில் கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து மேடத்தோடு நின்றான். மேடம் சின்ன வயசுக்காரி, பெங்களூரிலிருந்து வந்து இந்தக் கூடத்தை நடத்துகிறவள், நல்ல மாதிரி, கீழே வேலாத்தாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கூடவே கேமராவோடு ஒருவன், இன்னும் நாலைந்து பேர். கதவு மூடியிருந்தது, ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வரவில்லை. வேலாத்தாளுக்குச் சத்தம் எதற்கு. மேடம் முதுகைக் காட்டி நின்றதால் அவள் கேட்டது தெரியவில்லை, முத்துவின் உதடு நன்றாகத் தெரிந்தது. அக்கா பாத்தாங்க மேடம், என்றது உதடு. அழுதுட்டாங்க. அப்படியே எம்புருசனை உசுரோட பாத்த மாதிரி இருக்குதுடா முத்துன்னு சொன்னாங்க. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேலாத்தாள் இன்னொரு தரம் படித்துப் பார்க்க விரும்பினாள், படித்தது தப்பாக இருக்காதா என்று, ஆனால் அவள் இந்த ஹாலில் இருபத்தைந்து வருசம் உதடு படித்தவள், ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. மச்சானின் முகத்தில் தன் முகத்தை வைத்தவன் இப்போது அக்காவின் வாயில் தன் பேச்சை வைக்கிறான். அதைச் சொன்னபோது அவனுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கதவு திறந்தது, எல்லோரும் வந்தார்கள், செருப்புச் சத்தம், வாசனை, நல்ல சேலைகளின் சரசரப்பு. மேடம் அவள் கையைப் பிடித்து எழுப்பிப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போனாள். வந்தவர்களிடம், இந்த அம்மா இதே ஹாலில் வேலை பார்த்தவர், இவர் கணவர்தான் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், அவரை இந்தப் படத்தில் பார்க்கலாம் என்று சொன்னாள். இடுப்பில் செருகிய செல்போன் அடித்தது. சுகந்திதான், போட்டோவுக்காக இருக்கும். வேலாத்தாள் எடுக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கினால் போதும். முத்துவுக்குப் பேர் நிற்கும், மேடத்துக்குச் சந்தோசம், சாயங்காலம் காபி பலகாரம், நாளைக்குப் பேப்பரில் படம். விரலைத் தூக்கத்தான் நினைத்தாள். பாதி மனசு தூக்கியே விட்டது. திருப்பூரில் சுவரில் அந்தப் படம் தொங்குவது தெரிந்தது, பெரிசாக, கண்ணாடி போட்டு, சுகந்தி உயிரோடு இருக்கிற மாமனுக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, அப்பா என்று கும்பிடுவது தெரிந்தது. பேரப்பிள்ளைகள் தாத்தா என்று கும்பிடுவது தெரிந்தது. அவர்களுடைய பிள்ளைகளும். முத்து சற்றுத் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராக்காரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுல உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?" என்றாள் மேடம். "கையை நீட்டிக் காட்டுங்க."

"அவரு இதுல இல்லீங்க அம்மிணி" என்றாள் வேலாத்தாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிசாக வந்தது, அந்த ஹாலுக்குள் பேசிப் பழக்கமில்லாத குரல். "லாரி மேல நிக்கறது என்ற தம்பிங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். மேடம் படத்தைப் பார்த்தாள், நாச்சிமுத்துவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் அப்படியே பார்த்தார்கள். மீசையை எடுத்துவிட்டு, நரையைச் சேர்த்துவிட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், புருவம் அதே புருவம். அவன் தலையைத் தூக்கவில்லை. அக்கா என்று அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, வேலாத்தாள் படித்தாள், படித்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததால் ஒன்றும் மாறவில்லை.

மேடம் ரொம்ப மெதுவாக, பயந்துகொண்டே கேட்டாள், அப்படியானால் அவருடைய முகம் எங்கே அம்மா, வேறு போட்டோ ஏதாவது இருக்கிறதா, அவர் எப்படி இருப்பார் என்று.

வேலாத்தாள் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்த்தாள். நேரான வாயும் மீசையுமாகத் தம்பிதான் வந்து நின்றான், வேறு யாரும் வரவில்லை.

"அதைத்தானுங்க இவன்கிட்டக் குடுத்து வெச்சிருந்தேன்" என்றாள்.